சிப்பிக்கு முன் மூன்று நத்தைகள்

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் அத்தான் நலம், தொட்டியில் இருக்கும் இரண்டு கோமாளி மீன்களும் நலம். நீ, உன் வீட்டுக்காரி, வாண்டு மூவரும் எப்படி? வாண்டுவுக்கு இருமல் நின்றதா?

போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் எதைக் கேட்டாலும் நீ "ம்... ம்..." என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். மறுநாள் யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எழுத்தில் இருந்தால் இருவரும் மாற்றிப் பேச முடியாது. சட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் பார்ப்பவளுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்.

விஷயம் இதுதான். நீ மாற்றலாகிப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன உப்புநீர்த் தொட்டியை ஓட்ட ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு மீன்கூடச் சாகவில்லை. இப்போது அதில் ஒரு சிப்பி வளர்க்கப் போகிறேன். உயிருள்ள சிப்பி. நல்ல வெளிச்சமும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் அது நம் வயசுக்கு இருக்குமாம்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தொட்டியைப் பத்து நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ ஊருக்குப் போனாய். திரும்பி வருவதற்குள் இறால், நத்தை, மீன் என்று அத்தனையும் செத்து மிதந்தன. கிரீம் பூசிய கையைத் தண்ணீருக்குள் விட்டது என் தப்புதான். அன்றிலிருந்து நம் வீட்டில் ஒரு செடி வாடினாலும் "அவ தொட்டாளா?" என்றுதான் முதல் கேள்வி. சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் என் கையில் ஒரு உயிர் பிழைத்துக் கிடப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கடையில் இரண்டு சிப்பிகள் இருக்கின்றன. ஒன்று உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம். இன்னொன்று சின்னது, நீல நிறம், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. கடைக்காரருக்கு நான் 'ஈரச்சட்டை' என்று பெயர் வைத்திருக்கிறேன், எப்போது போனாலும் இரண்டு கையும் முழங்கை வரை நனைந்திருக்கும். அவர் சொல்கிறார், "முதல் சிப்பின்னா பழுப்பை எடுங்க. சின்னது அழகுதான், ஆனா தாங்காது." நீலத்தைவிடப் பழுப்புக்கு விலை பாதி. விலை குறைந்ததை எடு என்று ஒரு வியாபாரி சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எதை எடுக்கட்டும்? என்ன பார்த்து எடுக்க வேண்டும்? தொட்டி உன்னுடையதாக இருந்தது, நீதான் சொல்ல வேண்டும்.

பதில் எழுது, போன் செய்யாதே.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு மூவரும் சுகம். வாண்டுவுக்கு இருமல் நின்று இப்போது மூக்கு ஒழுகுகிறது. ஆஸ்பத்திரியில் மருந்து வழங்கும் கவுன்டரில் இந்த மாதம் எனக்கு இரட்டை வேலை, அதனால்தான் தாமதம்.

சிப்பி வேண்டாம் அக்கா. அதற்கு ரொம்ப வெளிச்சம் வேண்டும், நம் பழைய விளக்கு போதாது. நல்ல சிப்பி என்றால் மேலே நிழல் விழுந்த உடனே சட்டென்று மூட வேண்டும். நிழல் பட்டும் மூடாமல் வாய் பிளந்து கிடந்தால் நோய். ஓட்டின் அடியில் அரிசி மணி மாதிரி வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் அவை சிப்பியின் சாற்றை உறிஞ்சிக் கொன்றுவிடும். அது பாறையைப் பிடித்துக்கொள்ளக் காலடியிலிருந்து நூல் விடும், பிய்த்து எடுக்கும்போது அந்த இடம் கிழிந்திருந்தால் பிழைக்காது. இவ்வளவையும் பார்த்து வாங்கினாலும் பாதி செத்துப்போகும். நீ மனசு கஷ்டப்படுவாய். வேறொரு மீன் வாங்கிக்கொள். அந்தத் தொட்டி மீனுக்குப் பழகிய தொட்டி.

கடைக்காரர் பேச்சை ரொம்ப நம்பாதே. விற்பது அவர் தொழில்.

பழையதை எல்லாம் ஏன் கிளறுகிறாய். யாரும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

நலம். உங்கள் மூவர் நலமும் வேண்டும்.

உன் கடிதத்தைச் சட்டையைப் புரட்டுவது போல மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். பழுப்பா நீலமா என்று கேட்டேன். இரண்டையும் சொல்லவில்லை. 'மீனுக்குப் பழகிய தொட்டி' என்கிறாய். தொட்டி எப்படிப் பழகும்? வெளிச்சம் போதாது என்கிறாய். உன் அத்தான் எலெக்ட்ரீஷியன் என்பதை மறந்துவிட்டாயா? தொட்டிக்கு மேலே அவரே புது விளக்கு கட்டிக் கொடுத்துவிட்டார். கூடம் முழுக்க இப்போது ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கிறது.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. சிப்பி எடுக்கிறேன் என்று போனேன். ஈரச்சட்டை கொடுக்கவில்லை. "மொதல்ல மூணு நத்தை விட்டுப் பாருங்க. நத்தை நின்னா சிப்பி நிக்கும்" என்றார். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் நத்தைகள். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். இரண்டாவது நாளே மூன்றும் மல்லாந்து கிடந்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை பாட்டுக்கு நீந்துகின்றன.

நான் கையுறை போட்டுக்கொண்டுதான் விட்டேன். கம்பெனியில் கறைச் சட்டை பார்க்கும்போது போடும் ரப்பர் உறை, புதுப் பொட்டலம். கிரீம் கிடையாது, சோப்பு கிடையாது, என் தோலே தண்ணீரில் படவில்லை. அப்படியும் செத்தன. அப்படியென்றால் அது என் கை இல்லையே, தம்பி?

நோய் பிடித்த நத்தையை என் தலையில் கட்டிவிட்டாரோ என்று ஈரச்சட்டை மேல் எனக்குச் சந்தேகம். நீ என்ன நினைக்கிறாய்? இந்தத் தடவை கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

இங்கே பெரிய கூத்து. வாண்டு பள்ளியில் படப் போட்டிக்கு மீன்தொட்டி வரைந்தாள். மீன்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறாள். டீச்சர் கேட்டதற்கு, "கால் நனையாம இருக்க" என்றாளாம். படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் நீள ஜடைக்காரி நீதானாம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். சுவருக்கு மஞ்சளா பச்சையா என்று உன் தம்பி பொண்டாட்டிக்கும் எனக்கும் ஒரு வாரமாக வழக்கு நடந்து, கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு முதுகுவலி. நின்றே வேலை பார்ப்பதால் வருவதாம்.

நத்தை விஷயத்தில் உன் சந்தேகம் சரிதான். ரொம்ப நாள் பட்டினி கிடந்த நத்தைகளாக இருக்கும். கடல் உப்பும் அங்கேதானே வாங்குகிறாய்? மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் கடைகளில் எதையாவது கலந்துவிடுவார்கள். அந்தக் கடையை விட்டுவிடு. சிப்பி ஆசையையும் விட்டுவிடு அக்கா. மீன் நன்றாக இருக்கிறதே, அது போதாதா?

உன் தம்பி


மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். வெட்கத்தில் சாகாததுதான் குறை.

உன் பேச்சைக் கேட்டுக் கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கும்போது, "உப்புல என்ன கலக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும், தையல் மெஷின் நூறு ஓடும் இடத்தில் பேசிப் பழகிய குரல். ஈரச்சட்டை எனக்குக் கொடுத்த அதே மூட்டையிலிருந்து உப்பை அள்ளினார், ஒரு ஜாடியில் கரைத்தார், மூன்று நத்தையை எடுத்து விட்டார். ஜாடியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார். "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். மூன்றும் ஜாடிக் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு ஆளில்லாத நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், அதுவும் ஒரு கேவலம். அவர் அதற்கும் கோபப்படவில்லை. சின்ன மருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்து, தொட்டித் தண்ணீரில் ஐந்து சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். தண்ணீர் நீலமானது.

செம்பு இருக்கிறதாம். மீன் ஓரளவு தாங்குமாம். நத்தை, இறால், சிப்பி துளிகூடத் தாங்காதாம்.

எங்கள் வீட்டில் செம்பு யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பையைத் துவைக்கப் போட்டால் வயர்த் துண்டு உதிரும் மனுஷன் ஒருத்தர் இங்கே இருக்கிறார். தொட்டிக்கு மேலே விளக்கு கட்டியதும் அவர்தான். தொட்டி வந்த நாளில் அவருடைய சாமான் அலமாரியை நகர்த்தியதில் அவருக்கு வருத்தமும் உண்டு. கேட்டேன். "நான் தண்ணிக்குள்ள ஒண்ணும் போடலை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குற்றம் இல்லாதவர் இன்னும் இரண்டு வார்த்தை பேச மாட்டாரா?

நீ மருந்து படித்தவன். சொல், வயர் விழுந்தால் இப்படி ஆகுமா?

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம்.

ஆகும் அக்கா. உப்புத் தண்ணீர் செம்பை அரிக்கும். ஒரு சின்னத் துண்டு விழுந்தால்கூடப் போதும். விளக்கு கட்டும்போது விழுந்திருக்கலாம். வயராகத்தான் இருக்கும். அத்தான் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அவரைக் கடிந்துகொள்ளாதே.

இனி அந்தத் தண்ணீரைச் சரிசெய்வது கஷ்டம். மீனோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. இல்லாவிட்டால் தொட்டியையே யாருக்காவது கொடுத்துவிடு.

உன் தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

நலம்.

எட்டு நாளாக நானும் உன் அத்தானும் பேசவில்லை. உன் கடிதத்தை அவர் முன்னால் சத்தமாகப் படித்தேன். "படிச்சவன் சொல்றான், கேட்டுக்கோங்க" என்றேன். அவர் தன் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார். சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நாங்கள் சண்டை போட்டதுண்டு, இப்படி ஊமையாக இருந்ததில்லை. வீட்டுக்குள் தொட்டியின் மோட்டார் மட்டும்தான் பேசுகிறது.

நேற்று அவராகவே வாயைத் திறந்தார். "லைன்ல கோளாறுன்னா ஒவ்வொண்ணா கழட்டிப் பார்க்கணும். ஆளைத் திட்டிப் பார்த்தா கோளாறு தெரியாது" என்றார். முதலில் தொட்டி மணல் முழுவதையும் சல்லடையில் சலித்தார். ஒரு துண்டு வயர் இல்லை, ஒரு இழைகூட இல்லை. பிறகு ஆறு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்து ஆறிலும் புது உப்புத் தண்ணீர் ஊற்றினார். முதல் வாளியில் ஒன்றும் போடவில்லை. மற்றவற்றில் விளக்கு மாட்டிய கம்பி, மோட்டார், ஒரு பிடி மணல், தொட்டியின் பாறைக்கல், கண்ணாடி மூலையில் சுரண்டிய பசை, ஒவ்வொன்றும் ஒரு வாளியில். மேலே அவர் கையெழுத்தில் சீட்டு. சமையலறையில் கால் வைக்க இடமில்லை. மூன்று வாரம் ஊற வேண்டும், அதன் பிறகு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்கிறார்.

இன்னொன்று. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். சிப்பி வாங்கட்டுமா என்று கேட்டதற்கு இருபத்தைந்து நாள் எடுத்துக்கொண்டாய். நத்தை செத்ததற்கு இருபத்து நாலு நாள், அதிலும் பாதிக் கடிதம் பெயின்ட் கதை. வயரா என்று கேட்டதற்கு எட்டே நாளில் பதில். அந்தக் கடிதத்தில் வாண்டுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏன் என்று தெரியவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 30

மச்சானுக்கு,

நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் அக்கா வரும் ஞாயிற்றுக்கிழமை வாளிகளைச் சோதிக்கப் போகிறாள். நான் ஆறு வாளியிலும் கொஞ்சம் எடுத்துக் கடையில் கொடுத்து முன்னாலேயே பார்த்துவிட்டேன். பாறைக்கல் வாளியில் நல்ல நீலம். கண்ணாடிப் பசையிலும் உண்டு. மற்ற நாலிலும் ஒன்றுமில்லை. கல்லும் கண்ணாடியும் உன் வீட்டிலிருந்து வந்தவை.

மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து விற்பார்களாம். கடைக்காரர் சொன்னார். அதை இந்த மாதிரித் தொட்டியில் ஊற்றவே கூடாதாம், கல் குடித்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கக்குமாம்.

அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என் மேல் பழி என்பது பெரிசில்லை, எட்டு நாள் நின்று சாப்பிட்டால் போயிற்று. அவள் ஆறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். அவள் கேட்பதற்குள் நீயே எழுதிவிடு.

அத்தான்


மே 20

தம்பிக்கு,

கல். கல்லும் கண்ணாடிப் பசையும். நீ கொடுத்தவை.

சோதித்துப் பதினேழு நாள் ஆகிறது. உன் அத்தான் உனக்கு முன்னாலேயே எழுதிவிட்டதாக அன்றே சொன்னார். தினமும் தபால்பெட்டியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வருவதற்கு முன்னால் அதில் என்ன ஊற்றினாய்?

வேறு எதுவும் எழுத வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம்.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

அத்தானின் கடிதம் இரண்டு மாதமாக என் சட்டைப் பையில் இருக்கிறது. உனக்கு ஏழு தடவை எழுத ஆரம்பித்தேன்.

செம்பு மருந்து ஊற்றினேன். ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் மீன் மேல் வெள்ளைப் புள்ளி பார்த்தேன். மீன்களைப் பிடித்துத் தனித் தொட்டியில் போட்டு மருந்து கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் கல்லை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும், இரண்டு மணி நேர வேலை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெரிய தொட்டியிலேயே ஊற்றிவிட்டேன். இறால், நத்தை உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள் என்று புட்டியிலேயே போட்டிருந்தது. படிக்காமல் ஊற்றியிருந்தாலாவது பரவாயில்லை. படித்துவிட்டுத்தான் ஊற்றினேன். கவுன்டரில் நின்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம், "லேபிளைப் படிச்சீங்களா?" என்று கேட்பவன் நான்.

இறாலும் நத்தையும் மருந்தில் செத்திருக்கும். அவை அழுகித் தண்ணீர் கெட்டு மீன்கள் செத்தன. நீ எதுவுமே செய்யவில்லை.

திரும்பி வந்தபோது நீ கூடத்தில் நின்றிருந்தாய், கண் வீங்கி இருந்தது. "கிரீம் போட்ட கையை விட்டுட்டேன்டா, அதான்" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதன் பிறகு எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் இனிச் சொன்னால் இன்னும் கேவலம் என்று தோன்றியது.

அப்புறம் அந்தத் தொட்டியில் மீன் மட்டும்தான் வைத்தேன், புள்ளி வந்தபோதெல்லாம் மருந்து ஊற்றினேன். உனக்குக் கொடுத்தது பிரியத்தில் மட்டும் இல்லை, ஏதோ ஈடு கட்டுவதாக நினைத்துக்கொண்டேன். நீ மீனோடு நிறுத்திக்கொள்வாய் என்று நம்பினேன். கடைக்காரர் மேலும் அத்தான் மேலும் பழியைத் தள்ளியது தெரிந்தே செய்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. அத்தான் எடுத்து, "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்.

திட்டியாவது எழுது.

தம்பி


ஜனவரி 16

தம்பிக்கு,

நான் நலம். உன் அத்தான் நலம், உட்கார்ந்து சாப்பிடுகிறார். இரண்டு மீனும் நலம். அங்கே எல்லோரும் எப்படி?

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்றால், எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஒரே விஷயம்தான் வந்தது. அதை எழுதிவிட்டால் உன்னோடு எனக்கு அப்புறம் பேச்சு இருக்குமா என்று பயமாக இருந்தது. இப்போது எழுதிவிடுகிறேன்.

வாண்டு பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை முதலில் என் பக்கம்தான் நீட்டினாள். நம் சித்தி, "அவ கையில குடுக்காதீங்கம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு உன் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன். பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், குழந்தையை மட்டும் தொடவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அவளை நான் முதல்முதலாகத் தூக்கியபோது அவளுக்கு நாலு பல் முளைத்திருந்தது. உன் ரயிலுக்கு நேரமானதற்காக எனக்குப் போன மாதங்கள் அவை, தம்பி. எனக்குக் கோபம் இருக்கிறது. இன்னும் ரொம்ப நாள் இருக்கும்.

சரி, தொட்டி. பழைய கண்ணாடி, கல், மணல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். ஜூனில் புதுத் தொட்டி வைத்தோம். ஆறு மாதம் கழித்துத்தான் சிப்பி என்று ஈரச்சட்டை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது வரை அந்தப் பழுப்புச் சிப்பி அவர் கடையில் யார் கேட்டும் விற்காமல் இருந்தது. விற்காமல் வைத்திருக்கிறாரே, அதில் என்ன கோளாறோ என்று எனக்கு அதிலும் சந்தேகம். வாய்விட்டே கேட்டேன். "நீங்க ஜாடியைப் பார்க்க ஒரு வாரம் கழிச்சு வந்தீங்கல்ல, அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன். திட்டிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை" என்றார். வாங்குவதற்கு முன் கையை மேலே நீட்டி நிழல் விழவிட்டேன், சட்டென்று மூடியது. புரட்டி அடியில் அரிசி மணி இருக்கிறதா என்று பார்த்தேன். காலடி கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன். நீ சொல்லிக் கொடுத்தவைதான், அதில் பொய் இல்லை.

அதற்கும் முன்னால் மூன்று நத்தை விட்டோம். இரண்டு மாதமாக மூன்றும் கண்ணாடியில் திரிகின்றன.

சிப்பியை டிசம்பர் எட்டாம் தேதி இறக்கினேன். உன் அத்தான் கையுறைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே விட்டு, மணல் மேல் ஒரு தட்டைக் கல்லில் வைத்தேன். நாலு நாள் தூங்கவில்லை. ஐந்தாவது நாள் லேசாக அசைத்துப் பார்த்தேன், வரவில்லை. நூல் விட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கூரையில் ஏதோ தொங்குவது போல உன் அத்தான் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். இன்றோடு நாற்பது நாள், சதையை அகல விரித்து வெளிச்சத்தில் கிடக்கிறது.

நீ ஒன்று செய்ய வேண்டும். ஜூன் மாதம் எனக்கு எழுதியதை, ஒரு வரி விடாமல், சித்திக்கும் மற்ற எல்லோருக்கும் உன் கையாலேயே எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே. வாண்டுவுக்கு நீயே வாயால் சொல், அவளுக்குப் புரியும்.

அதன் பிறகு விடுமுறைக்கு மூவரும் வாருங்கள். சிப்பிக்கு எப்படி நிழல் காட்டுவது என்று வாண்டுவுக்கு நான் காட்டுகிறேன். அவள் ஆசைப்பட்டால் கையைக் கழுவிவிட்டு உள்ளேயும் விடட்டும்.

நீ தள்ளி நின்று பார். தொட்டிக்குள் கையை மட்டும் விடாதே.

அக்கா